கிளைகள் பிரிவது எதற்காக?

கடந்த கார்த்திகையில் ஓர் இரவு. கடலூர் முதுநகரில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வீட்டில் எல்லாரும் உறங்கிவிட்டார்கள். சிதம்பரத்தில் படிக்கும் என் தோழி கைப்பேசியில் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள்.

"எங்க தாத்தா சொன்ன வார்த்தையெல்லாம் எங்கடி?"

அந்த வரிக்கு என்னால் உடனே விடை எழுத முடியவில்லை. அச்சொற்கள் எங்கே போயின என்று எனக்கும் தெரியாது. போனதற்குக் காரணம் நான்தான் என்பது மட்டும் அந்தக் கணமே புரிந்துவிட்டது. ஆண்டு மலரில் தம் வெற்றிகளை எழுதுவோர் பலர். நான் என் தவறு ஒன்றை எழுதுகிறேன். அதைப் படித்து, என்னைப்போன்ற ஒருவராவது அத்தவற்றைச் செய்யாதிருந்தால் போதும்.

* * *

நான் கணிப்பொறி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா துறைமுகத்தில் மீன் எடுத்துக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவர். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022 முதல் வழங்கப்படும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயை ஓராண்டு செலவழிக்காமல் சேர்த்து, பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். வாங்கிய அன்று அம்மா அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார். "பத்தரமாத் தொடு" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல் எனக்குள் ஆழமாய் இறங்கிவிட்டது போலும். எதைத் தொட்டாலும் எனக்கு அச்சம். படித்தவர்கள் இருக்கும் வீட்டில் பிள்ளை ஒரு தவறு செய்தால் இரவுச் சாப்பாட்டுக்குள் யாரேனும் திருத்திவிடுவார்கள். நம்மில் பலர் வீட்டில் அந்தத் தவறு மறுநாள் வகுப்புவரை நம்மோடு படுத்து உறங்கும். அதனால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிக் கேட்பதைவிட, தெரிந்ததுபோல் எதையாவது செய்து முடித்துவிடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. இனி நான் சொல்லப்போகும் கதையின் வேர் அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

பள்ளியில் என்னோடு படித்த தோழி சிதம்பரத்தில் பி.ஏ. தமிழ் சேர்ந்தாள். கடற்கரை மக்கள் வழங்கும் சொற்களைத் திரட்ட வேண்டும் என்ற ஆசை அவளுக்குத்தான் முதலில் தோன்றியது. அவளுடைய தாய்வழித் தாத்தா பரங்கிப்பேட்டையில் கடல் தொழில் செய்தவர். அவள் சொற்களைத் திரட்டுவாள்; நான் அவற்றைக் கணிப்பொறியில் ஒழுங்குபடுத்துவேன் என்று பேசிக்கொண்டோம். என் வகுப்பு நண்பர் ஒருவரும், கிள்ளையிலிருந்து ரயிலில் சிதம்பரம் சென்று படிக்கும் அண்ணன் ஒருவரும் சேர்ந்தார்கள். ஆக நால்வர். தேவனாம்பட்டினம், தாழங்குடா, முதுநகர், பரங்கிப்பேட்டை, கிள்ளை ஆகிய ஊர்களில் கேட்ட காற்றின் பெயர்கள், மீனின் பெயர்கள், வலையின் உறுப்புகள் எல்லாம் ஒன்றொன்றாகச் சேர்ந்தன. 'நெய்தல் சொற்கள்' என்று பெயரும் வைத்தோம்.

நால்வரும் ஒரே கோப்புகளில் எழுத வேண்டும் அல்லவா? அதற்காக 'கிட்' என்னும் மென்பொருளைப் பயன்படுத்தினோம். யார், எப்போது, எதை மாற்றினார் என்று அது கணக்கெழுதி வைக்கும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு பதிவு. பதிவுகள் சங்கிலிக் கண்ணிகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்படும். இணையத்தில் எல்லாருக்கும் பொதுவான களஞ்சியம் ஒன்று. அவரவர் கணினியில் ஆளுக்கு ஒரு படி. நம் வேலையைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்புவது 'புஷ்'. அங்கிருப்பதை நம்மிடம் இழுத்துக்கொள்வது 'புல்'. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 'பிராஞ்ச்', அதாவது கிளை, என்று ஒன்று உண்டென்று கேள்விப்பட்டிருந்தேன். அது பெரிய கம்பெனிக்காரர்களின் சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டேன். நால்வரும் 'மெயின்' என்னும் ஒரே முதன்மைக் கிளையிலேயே எழுதிவந்தோம்.

* * *

கணிப்பொறி தன் போக்கில் தமிழ்ச் சொற்களை வரிசைப்படுத்தினால் அகராதி வரிசை கெட்டுவிடும். ஒருங்குறியில் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் எண்களின்படி 'ற' என்பது 'ல'வுக்கு முன்னே போய் நிற்கும். 'வ' என்பது 'ள', 'ழ' இரண்டுக்கும் பின்னே தள்ளப்படும். இதைச் சரிசெய்ய நான் ஒரு சிறிய நிரல் எழுதினேன். ஒரு வாரம் பாடுபட்டேன். அன்று மாலை அது சரியாக ஓடியது. தலைகால் புரியாத மகிழ்ச்சியில், யாரையும் கேட்காமல், எல்லாக் கோப்புகளிலும் அதை ஓட்டிவிட்டேன். ஏறத்தாழ ஒவ்வொரு வரியும் இடம் மாறியது. உடனே பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பினேன்.

அது ஏற்க மறுத்தது. திரையில் நாலைந்து ஆங்கில வரிகள் வந்தன. 'உன்னிடம் இல்லாத வேலை இங்கே இருக்கிறது. முதலில் அதை இழுத்துக்கொள்' என்பது அவற்றின் பொருள். இன்று அது எனக்குப் புரிகிறது. அன்று நான் முழுதும் படிக்கவில்லை. 'நிராகரிக்கப்பட்டது' என்ற சொல்லைக் கண்டதும் நெஞ்சு படபடத்தது. என் தவறு மற்றவர் கண்ணில் படுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. கைப்பேசியில் தேடினேன். கட்டளையோடு 'போர்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்தால் போய்விடும் என்று எங்கோ எழுதியிருந்தது. சேர்த்தேன். போய்விட்டது. நிம்மதியாய்ச் சாப்பிடப் போனேன்.

நான் அறியாதது இதுதான். அன்று பிற்பகல் என் தோழி தன் தாத்தாவிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து கேட்ட 112 சொற்களை ஏற்றியிருந்தாள். நான் வலிந்து அனுப்பியபோது பொதுக் களஞ்சியத்தின் முதன்மைக் கிளை என் பதிவைக் காட்டத் தொடங்கியது. அவளுடைய பதிவுகள் அந்தச் சங்கிலியிலிருந்து விடுபட்டுப் போயின. அவளோ கல்லூரி ஆய்வகக் கணினியிலிருந்து ஏற்றியிருந்தாள். அணைத்தால் அன்றைய கோப்புகளைத் துடைத்துவிடும் வகைக் கணினி அது. தாளிலும் அவள் எழுதி வைக்கவில்லை. தாத்தாவுக்கோ அதற்கடுத்த நாள் பக்கவாதம் வந்து பேச்சுக் குழறத் தொடங்கியிருந்தது.

இதையெல்லாம் அறிந்த பிறகுதான் அந்த ஒரு வரியின் கனம் எனக்கு விளங்கியது.

* * *

மறுநாள் கடல் கொந்தளிப்பாயிருந்ததால் எங்கள் ஊரில் யாரும் படகு இறக்கவில்லை. அப்பா திண்ணையில் வலையை விரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, ராத்திரி பூராத் தூங்கலியா?" என்றார்.

கணிப்பொறியைப் பற்றி அவருக்கு என்ன சொல்வது? "நாலு பேரு சேந்து செய்யற வேலைல, யாரையும் கேக்காம நான் கைய வச்சிக் கலச்சிட்டேம்ப்பா" என்றேன்.

அவர் ஊசியை எடுத்தபடியே சொன்னார்: "வல கிழிஞ்சா கடல்ல விரிச்ச மேனிக்கா தைப்பாங்க? கரைக்கு இழுத்தாந்து, ஓரமா தனியா விரிச்சுத் தைக்கணும். தச்சதை நாலு பேரு இழுத்துப் பாக்கணும். அப்புறந்தான் படகுல ஏத்தணும்."

கிளை என்றால் என்ன என்பதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அப்போது அவருக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது.

நாங்கள் பிழைத்தது கிள்ளை அண்ணனால். முதல் நாள் மாலை ரயிலில் வீடு திரும்பும்போது அவர் பொதுக் களஞ்சியத்திலிருந்ததைத் தம் மடிக்கணினிக்கு இழுத்திருக்கிறார். தோழியின் 112 சொற்களும் அதில் இருந்தன. நான் அழித்தது அதற்குப் பிறகு. அவர் என்னைத் திட்டவில்லை. தம்மிடம் இருந்த நிலைக்கு 'மீட்பு' என்று ஒரு கிளைப்பெயர் சூட்டி, அதைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பினார். என் பதிவும் அங்கே இருந்தது. அவளுடைய பதிவுகளும் இருந்தன. ஒன்றையொன்று தொடவில்லை. நான் கண்ணால் கண்ட முதல் கிளை அதுதான்.

* * *

சொற்கள் கிடைத்துவிட்டன. ஆனால் தோழி என்னோடு பேசவில்லை. நான் எங்கள் துறை ஆசிரியர் அவர்களிடம் போய், வாழ்க்கையில் முதன்முறையாக, "சார், எனக்கு இது தெரியாது; சொல்லிக்கொடுங்கள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கரும்பலகைக்கு அழைத்துச் சென்றார்.

"விழுப்புரத்தில் ரயில் பாதை எப்படிப் பிரிகிறது, சொல்லும்மா."

சொன்னேன். கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போவது மெயின் லைன். விருத்தாசலம், அரியலூர் வழியாகப் போவது கார்டு லைன்.

"இரண்டும் எங்கே சேர்கின்றன?"

"திருச்சிராப்பள்ளியில்."

"கிளை என்பது அவ்வளவுதான். ஒரு லைனில் வேலை நடக்கும்போது மற்ற லைன் வண்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் திருச்சியில் சேர்த்தாக வேண்டும்; சேர்க்காத கிளையால் யாருக்கும் பயனில்லை" என்றார்.

கிளை பிரித்தால் எல்லாக் கோப்புகளும் இன்னொரு முறை நகலெடுக்கப்பட்டு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் தவறு. ஒவ்வொரு பதிவுக்கும் 40 எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. கிளை என்பது அந்த அடையாளத்தை எழுதி வைத்த ஒரு சிறு சீட்டு. புதிய பதிவு செய்தால் சீட்டு ஒரு கண்ணி முன்னே நகரும். அதனால்தான் கண்ணிமைக்கும் நேரத்தில் கிளை பிரிக்க முடிகிறது. தேவையில்லையென்றால் சீட்டைக் கிழித்தும் போடலாம். இரண்டு கிளைகளை இணைக்கும்போது மென்பொருள் விழுப்புரத்தைத் திரும்பிப் பார்க்கிறது. அதாவது இரண்டும் பிரிந்த இடத்தை. ஒரு கிளையில் மட்டும் மாறிய வரியைத் தானே ஏற்றுக்கொள்ளும். ஒரே இடத்தில் இரண்டு கிளைகளும் வெவ்வேறாய் எழுதியிருந்தால், அது முடிவெடுக்காது. நின்று நம்மைக் கேட்கும்.

இத்தகைய மென்பொருள்களின் வரலாற்றையும் அவர் சொன்னார். 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய 'எஸ்.சி.சி.எஸ்.', அடுத்த பத்தாண்டில் வால்டர் டிக்கி உருவாக்கிய 'ஆர்.சி.எஸ்.' ஆகியவற்றில் ஒருவர் கோப்பைப் பூட்டிக்கொண்டு திருத்துவார். அவர் விடும்வரை மற்றவர் காத்திருப்பார். பிற்காலத்தில் பலரும் ஒரே நேரத்தில் திருத்தும் முறைகள் வந்தபோதும், முழு வரலாறும் ஒரு நடுக்கணினியிலேயே இருந்தது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை உலகெங்கும் இருந்து பலர் எழுதிவந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய மென்பொருளின் இலவச உரிமை 2005இல் நின்றுபோனது. அவ்வாண்டு ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாள்களிலேயே 'கிட்'டின் முதல் வடிவத்தை எழுதினார். ஜூலையில் பராமரிக்கும் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். இதில் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். கிள்ளை அண்ணனின் பழைய மடிக்கணினி எங்களைக் காப்பாற்றியது இந்த ஏற்பாட்டால்தான்.

* * *

மறு ஞாயிறு காலை முதுநகரில் ரயிலேறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை. வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி தடதடத்தபோது, தோழியிடம் சொல்ல வேண்டிய சொற்களை மனத்துக்குள் ஒப்புவித்துக்கொண்டேன். சிதம்பரத்தில் அவளைக் கண்டதும் அவற்றில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"மன்னிச்சிடுடி" என்றேன்.

"நீ அழிச்சதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்ல. ஒரு வார்த்த கேக்காம அழிச்சியே, அதுக்குத்தான்" என்றாள்.

கீழவீதியில் நடந்தோம். அவள்தான் பேச்சைத் தொடங்கினாள். திருமுறைகண்ட புராணம் கூறும் கதை நமக்கெல்லாம் தெரிந்ததே. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் முயன்று அறையைத் திறக்கச் செய்தபோது, பெரும்பகுதியைக் கறையான் அரித்திருந்தது. எஞ்சியதே நமக்குக் கிடைத்தது என்பது அக்கதை. "ஒரே இடம், ஒரே பூட்டு. கறையானுக்கு அது போதும்டி. நம்ம கிட்ட நாலு படி இருந்திச்சு, தப்பிச்சோம்" என்றாள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். கணிப்பொறி அறிவியல் படிக்கும் எனக்குத் தோன்றாத ஒப்புமை தமிழ் படிக்கும் அவளுக்குத் தோன்றியதை எண்ணி வியந்தேன்.

அன்று மாலை நால்வரும் விதி வகுத்துக்கொண்டோம். முதன்மைக் கிளையில் யாரும் நேராக எழுதக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கிளை. முடிந்ததும் மற்றவர் ஒருவராவது படித்துப் பார்த்து, சரியென்ற பிறகே இணைக்க வேண்டும். 'போர்ஸ்' என்ற சொல்லைப் பொதுக் கிளையில் யாரும் எழுதக் கூடாது. அப்பா சொன்ன வலை நியாயம் வரி பிசகாமல் இதில் அடங்கிவிட்டது! முதன்மைக் கிளையை 'மீட்பு' நிலைக்கே திருப்பினோம். நான் மாற்றிய கோப்புகளைக் கைவிட்டு, நிரலை மட்டும் எடுத்துக்கொண்டு, 'வரிசை' என்ற கிளையில் மீண்டும் ஓட்டினேன். என் வகுப்பு நண்பர் அதில் இரண்டு பிழைகளைக் காட்டினார். பிழை காட்டப்பட்டபோது எனக்கு வழக்கமாக வரும் நடுக்கம் வரவில்லை. கிளையில் இருக்கும் பிழை இன்னும் யாரையும் கெடுக்கவில்லை அல்லவா? திருத்தினேன். இணைத்தோம்.

* * *

மார்கழியில் முதல் முரண் வந்தது. நான் என் கிளையில், 'கொண்டல் – கிழக்கிலிருந்து வீசும் காற்று' என்று எழுதியிருந்தேன். எங்கள் ஊரில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு காற்று உண்டு. சிறு பிள்ளைக்கும் தெரியும். தோழி தன் கிளையில், 'கொண்டல் – மேகம்' என்று எழுதியிருந்தாள். இணைக்கப் போனபோது மென்பொருள் நின்றுவிட்டது. ஏழு கூர்க்குறிகளுக்கும் ஏழு சமக்குறிகளுக்கும் இடையே என் வரியையும் அவள் வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துவிட்டுக் காத்திருந்தது.

பழைய நானாக இருந்தால் அவள் வரியை அழித்துவிட்டு மேலே போயிருப்பேன். கைப்பேசியை எடுத்து அவளை அழைத்தேன். அகராதியில் இரண்டு பொருளும் இருக்கின்றன என்றாள். ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களும் இதே இடத்தில் நின்றவர்கள்தாம் என்று அவள் ஆசிரியர் கூறியதையும் சொன்னாள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல இடங்களிலிருந்து ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கினார். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்டால் அந்த வேறுபாட்டையும் குறித்துக் காட்டுவது அவர் பதிப்புகளின் மரபு. அப்பெரியவர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தவர் என்பதைச் சொல்லும்போது அவள் குரலில் ஊர்ப்பெருமை தெரிந்தது.

இரண்டு பொருளையும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். எதை முதலில் வைப்பது என்பதில் மட்டும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

தை மாதம் பொங்கல் விடுமுறையில் பரங்கிப்பேட்டைக்குப் போனோம். தாத்தா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேச்சு இன்னும் திரும்பவில்லை, கேட்பது புரிகிறது. தோழி அவருடைய சொற்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். சிலவற்றுக்குத் தலையசைத்தார். ஒன்றிரண்டைத் தவறாக எழுதியிருந்தோம் போலும். கையை ஆட்டி மறுத்தார். நான் 'கொண்டல்' என்று படித்தேன். அவர் இடக்கையை மெல்லத் தூக்கிக் கடல் இருக்கும் கிழக்குத் திசையைக் காட்டினார்.

தோழி என்னைப் பார்த்தாள். "சரி, உன்னது மொதப் பொருள். என்னது ரெண்டாவது" என்றாள். அங்கேயே, அவர் காலடியில் உட்கார்ந்து, அந்த முரணைத் தீர்த்து இணைத்தோம். பதிவுக் குறிப்பில் 'தாத்தா காட்டியபடி' என்று எழுதினேன்.

இப்போது எங்கள் தொகுப்பில் 600 சொற்களுக்கு மேல் இருக்கின்றன. 31 கிளைகள் பிரிந்து சேர்ந்திருக்கின்றன. என்னுடைய இரண்டு கிளைகள் பயனற்றவையாகிக் கிழிபட்டன. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள் ஆகப்போகிறவர்கள். தவறு செய்துவிடுவோமோ என்று தொடாமலே இருந்துவிடுகிறோம். அல்லது தவறு வெளியே தெரியுமுன் வலிந்து மூடிவிடுகிறோம். இரண்டுமே பிறர் உழைப்பைக் கெடுக்கும் என்பதை நான் அனுபவித்து அறிந்தேன். தனியே ஒரு கிளை பிரித்துக்கொண்டு துணிந்து பிழை செய்யுங்கள். பின்பு அதை நாலு பேர் முன்னால் விரித்து வையுங்கள். ஆய்வகத்தில் யாருக்கேனும் 'நிராகரிக்கப்பட்டது' என்று திரையில் வந்தால் மூன்றாவது வரிசைக்கு வாருங்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். இருவரும் சேர்ந்து அந்த நாலைந்து வரிகளையும் முழுதாய்ப் படிப்போம்.